ஒரே லினக்ஸ் வழங்கியில் பல இணையத்தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சில் நாம் சேர்வர் என்று சொல்வதையே இந்தப் பக்கத்தில் வழங்கி என்று எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பில் இருந்தபடி, வாடகைக்கு எடுத்த ஒரு வழங்கியில் பதினொரு தளங்களைப் பராமரித்து வருகிறேன். பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், கோயில், கூட்டுறவுச் சங்கம், பாசிக்குடாப் பக்கத்து விருந்தினர் விடுதி, இலக்கியச் சிற்றிதழ் என்று பலதரப்பட்ட தளங்கள் அவை. கல்முனை, அக்கரைப்பற்று, வாழைச்சேனை ஆகிய ஊர்களிலிருந்து இதே வேலையைத் தொடங்கும் இளைஞர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். லினக்ஸ் கட்டளைத் திரையை ஓரளவு பழகியவர்களை மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன.

வழங்கியை வீட்டிலோ கடையிலோ வைத்து நடத்த முடியாதா?

பழகுவதற்கு முடியும், பிறருடைய தளங்களை நம்பி ஏற்றி வைப்பதற்கு முடியாது. வீட்டு இணைப்புகளுக்குக் கிடைக்கும் ஐபி முகவரி பெரும்பாலும் நிலையானதன்று. சில இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால், வெளியிலிருந்து வரும் கோரிக்கை உங்கள் கணினியை வந்தடையவே வழியிருப்பதில்லை. அதையும் விடப் பெரிய தடை மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம், எந்த யூபிஎஸ்ஸும் அவ்வளவு நேரம் தாங்காது. பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டுவை நிறுவி, இங்கே சொல்லப்படும் அனைத்தையும் முதலில் அதிலே செய்து பாருங்கள். அந்தப் பயிற்சி வீண்போகாது. ஆனால் மக்கள் பார்க்க வேண்டிய தளம் தரவு மையத்தில்தான் இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் உள்ள வழங்கியை எடுப்பது? எவ்வளவு நினைவகம் வேண்டும்?

கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் பயணிக்கிறது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதால், போய்வரக் குறைந்தது 27 மில்லிவிநாடி ஆகும். கடலடி வடம் நேர்கோட்டில் செல்வதில்லை என்பதனால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே எடுக்கும். ஐரோப்பாவில் வைத்தால் இது பல மடங்காகிறது. ஆகவே உங்கள் வாசகர்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்தால் சிங்கப்பூரோ இந்திய நகரம் ஒன்றோ பொருத்தமானது. புலம்பெயர்ந்தோர் பெரும்பான்மையாகப் பார்க்கும் தளம் என்றால் ஐரோப்பாவையும் எண்ணிப் பார்க்கலாம்.

வேர்ட்பிரஸ் போன்றவற்றில் இயங்கும் பத்துச் சிறு தளங்களுக்கு 2 கிகாபைட் நினைவகமும் 50 கிகாபைட் வட்டும் தொடங்கப் போதும். வாடகையை மட்டும் பார்க்காமல், நினைவகத்தைப் பின்னர் எளிதில் கூட்ட முடியுமா என்பதையும், நிறுவனத்துக்கு வெளிநாட்டு நாணயத்தில் கட்ட உங்கள் வங்கி அட்டை இடம்கொடுக்குமா என்பதையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள். அட்டை காலாவதியானதால் நின்றுபோன தளங்கள், தாக்குதலால் நின்றவற்றுக்கு எண்ணிக்கையில் குறைந்தவை அல்ல என்பதே என் அனுபவம்.

எந்த லினக்ஸ் வெளியீட்டை நிறுவுவது?

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு அல்லது டெபியன். உபுண்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் இத்தகைய பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வழங்குகிறது. 24.04 பதிப்புக்கு அது 2029 வரை நீடிக்கும். யாரோ முன்பு நடத்திய வழங்கியைப் பொறுப்பேற்கிறீர்கள் என்றால் முதலில் பதிப்பைப் பாருங்கள். சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது, அதில் இருப்பவற்றைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிய வழங்கிக்கு மாற்றிவிடுவதே முறை.

வழங்கி கைக்கு வந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் என்ன செய்ய வேண்டும்?

புதிய முகவரி ஒன்று இணையத்தில் தோன்றிய சில நிமிடங்களுக்குள்ளேயே கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயலும் தானியங்கி நிரல்கள் அதைத் தட்டத் தொடங்கிவிடும். ஆதலால் தளத்தை ஏற்றுவதற்கு முன்பே பூட்டைப் போட வேண்டும். முழு அதிகாரம் கொண்ட ரூட் அல்லாத ஒரு பயனரை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் ரூட்டாகச் செயற்பட அவருக்கு சூடோ உரிமை கொடுங்கள். உங்கள் சொந்தக் கணினியில் இடி25519 வகைத் திறவுச்சோடி ஒன்றை ஆக்கி, பொதுத் திறவை மட்டும் வழங்கியில் வையுங்கள். அதன் பின்னர், தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் அமைப்பில் கடவுச்சொல் வழி நுழைவையும் ரூட்டின் நேரடி நுழைவையும் நிறுத்துங்கள். மாற்றத்தைச் செய்யும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது சாளரம் ஒன்றில் புதிதாக நுழைந்து பார்த்த பின்பே முதலாவதை மூட வேண்டும்.

ஃபயர்வோலை வளவைச் சுற்றிய வேலி என்று கொண்டால், வாயில்கள் (போர்ட்) அதிலுள்ள படலைகள். எஸ்எஸ்எச்சுக்கு 22, தளங்களுக்கு 80, 443 ஆகிய மூன்று படலைகள் திறந்திருந்தால் போதும். தரவுத்தளத்தின் 3306 வெளியுலகுக்குத் திறந்திருக்கக் கூடாது. உபுண்டுவின் ஃபயர்வோலான யூஎஃப்டபிள்யூவைச் செயற்படுத்துவதற்கு முன் 22ஐ அனுமதித்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள், இல்லையேல் வேலி உங்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடும். எஸ்எஸ்எச் வாயிலின் இலக்கத்தை மாற்றுவது பதிவேட்டில் (லொக்) இரைச்சலைக் குறைக்குமே தவிர, பாதுகாப்பைக் கூட்டாது.

ஐபி முகவரி ஒன்றுதான். கோரிக்கை எந்தத் தளத்துக்கு உரியது என்று வழங்கி எப்படி அறிகிறது?

ஒரே வளவுக்குள் பல குடும்பங்கள் குடியிருந்தால், தபாற்காரர் வீட்டிலக்கத்தோடு பெயரையும் பார்த்துத்தான் கடிதத்தைக் கொடுப்பார். இணையத்திலும் அப்படியே. எச்டிடிபி 1.1 முதல், உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் தான் தேடும் தளத்தின் பெயரை ‘ஹோஸ்ட்’ என்ற தலைப்பில் குறிப்பிட்டாக வேண்டும். வழங்கி அந்தப் பெயரை வாசித்து, அதற்குரிய கோப்புறைக்கு அனுப்புகிறது. மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் கோரிக்கையை வாசிக்கும் முன்னரே சான்றிதழைக் காட்ட வேண்டியிருப்பதால், பெயரைக் கைகுலுக்கும் கட்டத்திலேயே தெரிவிக்கும் எஸ்என்ஐ என்ற நீட்சி பின்னர் வந்தது. இவ்விரண்டும் இருப்பதனால்தான் பதினொரு தளங்களுக்குப் பதினொரு முகவரிகளை விலைகொடுத்து வாங்காமல் இருக்கிறோம்.

இங்கே பலரும் கவனியாமல் விடும் ஒன்று உண்டு. பெயர் எதனுடனும் பொருந்தாத கோரிக்கை வந்தால், தளங்களைப் பரிமாறும் மென்பொருள்களான என்ஜின்எக்ஸும் அப்பாச்சியும் அமைப்பில் முதலாவதாக உள்ள தளத்தைக் காட்டிவிடும். விடுதியின் டொமைன் தவறாக அமைந்திருந்தபோது அதைத் திறந்தவர்களுக்குக் கோயிலின் பக்கம் தெரிந்து, இரு தரப்பினரும் என்னை அழைத்து விசாரித்தார்கள். எந்தத் தளத்துக்கும் சொந்தமில்லாத இயல்புத் தொகுதி ஒன்றை முதலிலேயே எழுதி, அது பொருந்தாத கோரிக்கைகளை மறுத்துவிடுமாறு செய்யுங்கள். என்ஜின்எக்ஸில் 444 என்ற விடைக்குறி பதிலே அனுப்பாமல் இணைப்பைத் துண்டித்துவிடும்.

அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா?

இரண்டும் இந்த வேலைக்குப் போதும். 1995 முதல் இருக்கும் அப்பாச்சி, ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் தனி அமைப்புக் கோப்பை வைக்க இடம்கொடுப்பதால், தள உரிமையாளர்கள் தாமே சில விதிகளை மாற்றிக்கொள்ளலாம். 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ் அந்த வசதியைத் தருவதில்லை, ஆனால் குறைந்த நினைவகத்தில் மிகுந்த இணைப்புகளைத் தாங்கும். நான் என்ஜின்எக்ஸைப் பயன்படுத்துகிறேன். எதை எடுத்தாலும், அமைப்பை மாற்றிய பின் சோதனைக் கட்டளையை ஓட்டி, பிழை இல்லை என்று கண்ட பிறகே மறுஏற்றம் செய்யுங்கள். முழுவதுமாக நிறுத்தித் தொடங்கும்போது ஒரு தளத்தின் எழுத்துப்பிழை எல்லாத் தளங்களையும் கீழே இறக்கிவிடும்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பயனர் அவசியமா? எல்லாவற்றையும் ஒரே பயனரின் கீழ் வைப்பது எளிதல்லவா?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு விடையைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதையே வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆரம்ப காலத்தில் என்னிடம் ஏழு தளங்கள் இருந்தன. நிறுவியபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஏழுக்கும் உரிய பிஎச்பி நிரல்கள் ஒரே பயனரின் பெயரில் இயங்கின. அவற்றுள் ஒரு தளத்தில், இரண்டு ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத படத்தொகுப்புச் செருகுநிரல் ஒன்று இருந்தது. அதன் வழியாக ஒருவர் ஒரு சிறு கோப்பை உள்ளே வைத்துவிட்டார். அந்தக் கோப்பு இயங்கும் பயனருக்கு மற்ற ஆறு தளங்களின் கோப்புறைகளிலும் எழுத உரிமை இருந்தபடியால், விடிவதற்குள் ஏழு தளங்களிலும் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் முளைத்திருந்தன. ஓட்டையை அடைக்க ஒரு நிமிடம் ஆனது, ஏழு தளங்களையும் நம்பத்தக்க நிலைக்குக் கொண்டுவர ஒன்பது நாட்கள் ஆயின. செருகுநிரலைப் புதுப்பிக்காதவரைக் குறை சொல்வதற்கில்லை. எல்லாத் தளங்களிலும் எல்லாமும் எப்போதும் புதிதாக இருக்கப் போவதில்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குப் பரவாதவாறு இடையில் சுவர் எழுப்புவது வழங்கியை நடத்துபவரின் கடமை, அதை நான் செய்திருக்கவில்லை.

ஆகவே தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனர், அந்தப் பயனரின் பெயரில் பிஎச்பி செயல்களை இயக்கும் தனி பிஎச்பி-எஃப்பிஎம் குழு, தனித் தரவுத்தளம், அந்தத் தரவுத்தளத்தை மட்டும் தொடக்கூடிய தரவுத்தளப் பயனர், தனிப் பதிவேடு. கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 என்ற அனுமதியைக் கொடுத்து, என்ஜின்எக்ஸின் பயனரை அந்தந்தத் தளத்தின் குழுமத்தில் சேர்த்தால் அது வாசிக்க முடியும், எழுத முடியாது. கடவுச்சொற்கள் உள்ள அமைப்புக் கோப்பை மட்டும், உரிமையாளரைத் தவிர யாரும் தொட முடியாத 600 ஆக்கிவிடுங்கள். ஏதேனும் வேலை செய்யவில்லை என்றதும் எவரும் எழுதக்கூடிய 777 என்று மாற்றச் சொல்லும் அறிவுரை எங்கிருந்து வந்தாலும் ஏற்காதீர்கள். அது பூட்டு இறுக்கமாக இருக்கிறது என்பதற்காகக் கதவையே கழற்றிவிடும் வேலை. பதிவேற்றக் கோப்புறைக்குள் வந்துசேரும் பிஎச்பி கோப்புகள் இயங்காதபடி என்ஜின்எக்ஸில் ஒரு விதியும் எழுதுங்கள். என் ஏழு தளங்களில் அந்த ஒரு விதி இருந்திருந்தாலே தாக்குதல் முதற்படியிலேயே நின்றிருக்கும்.

ஒரு தளத்துக்குக் கூட்டம் வந்தால் மற்றவையும் நின்றுவிடுகின்றன. என்ன செய்வது?

நீர் குறைந்த போகத்தில், நீர்ப்பங்கீட்டுக்குப் பொறுப்பான வட்டவிதானை முறைவைத்து வாய்க்காலைத் திறக்காவிட்டால் மேல்வயல்காரரே முழுவதையும் பாய்ச்சிவிடுவார், கடைக்கண்டத்துக்கு எதுவும் வராது. நினைவகமும் அத்தகையதே. 2 கிகாபைட்டில் இயங்குதளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் ஒதுக்கியது போக 1,200 மெகாபைட் மிஞ்சுகிறது என்றும், ஒரு பிஎச்பி செயல் 60 மெகாபைட் எடுக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரே நேரத்தில் 20 செயல்களுக்கு மேல் ஓட இடமில்லை. ஒவ்வொரு தளத்தின் பிஎச்பி-எஃப்பிஎம் குழுவிலும் உச்ச எண்ணிக்கை ஒன்றைக் குறித்துவிட்டால், ஒரு தளம் தன் பங்கைத் தாண்டாது. கூட்டம் குறைந்த தளங்களுக்கு, தேவைப்படும்போது மட்டும் செயலைத் தொடங்கும் முறையைத் தெரிந்தெடுங்கள்.

கூட்டம் வரும் நாள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்ததுதான். மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருகிறது, அந்த வாரம் கோயில் தளங்களைப் பார்ப்போர் பெருகுவர். அவர்கள் அனைவருக்கும் காட்டப்படுவது ஒரே நிகழ்ச்சி நிரல் என்பதால், பக்கத்தை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து ஆக்காமல், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஆக்கிச் சேமித்துக் கொடுக்கும்படி என்ஜின்எக்ஸில் தற்காலிகச் சேமிப்பை அமைத்தால் சிறிய வழங்கியே பெருங்கூட்டத்தைச் சமாளித்துவிடும். நினைவகம் போதாதபோது வட்டில் இடம் தரும் ஸ்வாப் கோப்பு ஒன்றும் 1 கிகாபைட் அளவில் வைத்திருங்கள். அது வேகம் தராது, ஆனால் நினைவகம் தீர்ந்த கணத்தில் இயங்குதளத்தின் கருவான கேர்னல் தரவுத்தளத்தைக் கொன்றுவிடும் நிலையைத் தள்ளிப்போடும்.

பாதுகாப்புச் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது முதல் சான்றிதழ்களை இலவசமாகவே கொடுத்து வருகிறது. பரவலாக வழங்கப்படும் சான்றிதழ்கள் 90 நாட்களுக்குச் செல்லும். அவற்றைப் பெற்றுத் தரும் செர்ட்பொட் என்ற நிரல் நாள்தோறும் இருமுறை பார்த்து, 30 நாட்களுக்குக் குறைவாக எஞ்சியவற்றைப் புதுப்பிக்கும். புதுப்பித்தல் தோல்வியடைவதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று. எல்லாம் 443க்கு வந்துவிட்டன என்று எண்ணி 80ஆம் வாயிலை மூடிவிடுவது முதலாவது. சரிபார்ப்பு அந்த வாயில் வழியாகவே நடக்கிறது. டொமைன் பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில், பழைய வழங்கியைக் காட்டும் ஐபி ஆறாம் பதிப்புப் பதிவு மறந்துபோய்க் கிடப்பது இரண்டாவது. சான்றிதழ் வந்துவிட்டாலும் என்ஜின்எக்ஸ் மறுஏற்றம் செய்யப்படாததால் பழையதையே காட்டிக்கொண்டிருப்பது மூன்றாவது.

சரிபார்ப்பு தோற்றால் மீண்டும் மீண்டும் முயலாதீர்கள், ஒரு பெயருக்கு மணித்தியாலத்தில் ஐந்து தோல்விகளுக்கு மேல் மறுக்கப்படும். சோதனைச் சூழலில் சரிவந்த பின்பு உண்மையானதைக் கேளுங்கள். காலாவதி பற்றிய நினைவூட்டல் மின்னஞ்சலை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், கண்காணிப்பை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். சான்றிதழ்களின் உச்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாட்களாகும் என்று முடிவாகியிருக்கிறது. விலைகொடுத்து வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், கையால் புதுப்பிக்கும் வழக்கத்தை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

பழைய தளத்தை மாற்றியபின் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. ஏன்?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதற்குப் போதிய இடம் கொடுப்பதில்லை. ஆனால் நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் நோயை இனங்காண வேண்டும். எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளே இருந்தால், மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறிமுறையில் ஆக்கிய தரவுத்தள அட்டவணைக்குள் தமிழை ஊற்றியிருக்கிறீர்கள். அந்தத் தரவு அழிந்துவிட்டது, மூலப் பிரதியிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டும். அதற்குப் பதிலாக, ‘à®’ போன்று மேற்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் வரிசையாக வந்தால் தரவு பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது, இணைப்பின் குறிமுறை மட்டும் பொருந்தவில்லை. இவ்விரண்டும் இன்றிப் பொருளற்ற ஆங்கில எழுத்துச் சரங்கள் வந்தால் அது பாமினி. இலங்கையில் பல ஆண்டுகளாக ஆவணங்களும் தளங்களும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டன. உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே, எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டியது. அத்தகைய தளத்தை நகர்த்துவதற்கு முன் யூனிகோட்டுக்கு மாற்றியாக வேண்டும், மாற்றாதவரை அதிலுள்ள எதுவும் தேடுபொறியில் தமிழில் அகப்படாது. மாற்றும்போது பக்கத்தின் நிரற்பகுதியை விட்டுவிட்டு உரையை மட்டும் மாற்றுங்கள், இல்லையேல் எச்டிஎம்எல் குறிச்சொற்களும் தமிழாகிவிடும்.

புதிய தரவுத்தளத்தை எப்போதும் யூடிஎஃப்8எம்பி4 என்ற குறிமுறையில் ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் நெடுங்காலம் யூடிஎஃப்8 என்று அழைத்தது ஓர் எழுத்துக்கு 3 பைட் மட்டுமே தருவது. தமிழின் வழக்கமான எழுத்துகளுக்கு அது போதும் என்றாலும், வாசகர் ஒருவர் எமோஜி ஒன்றை இட்டவுடன் அந்தப் பதிவு வெட்டுப்படும் அல்லது மறுக்கப்படும்.

நீளமும் கவனிக்கத்தக்கது. ‘மட்டக்களப்பு’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, யூனிகோட்டில் 12 குறிகள், யூடிஎஃப்-8இல் 36 பைட், இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளோடு எழுதப்படும்போது 108 எழுத்துகள். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு 200 எழுத்துகளே ஒதுக்குகிறது, அதாவது தமிழில் 22 குறிகள். நீண்ட தமிழ்த் தலைப்புகளின் முகவரி நடுவில் அறுந்து நிற்பதற்கும், இரண்டு வெவ்வேறு கட்டுரைகளுக்கு ஏறக்குறைய ஒரே முகவரி அமைவதற்கும் இதுவே காரணம். முகவரியைச் சுருக்கமான இரண்டு மூன்று சொற்களில் நீங்களே எழுதிவிடுங்கள். லினக்ஸ் கோப்புப் பெயருக்கும் 255 பைட் எல்லை உண்டு, தமிழில் 85 குறிகள். சிற்றிதழின் பழைய இதழ்களை முழுத் தலைப்போடு பிடிஎஃப் கோப்புகளாகப் பெயரிட்டு வைத்திருந்தவர்களிடம், சில கோப்புகள் ஏறாமல் நின்றதற்கு இதைத்தான் விளக்க வேண்டியிருந்தது.

டொமைன் பெயரையே தமிழில் வைக்கலாமா?

வைக்கலாம். இலங்கைக்கு ‘.இலங்கை’ என்ற தமிழ் மேல்நிலைப் பெயர் 2010இலேயே கிடைத்துவிட்டது. வழங்கியின் அமைப்புக் கோப்பிலும் சான்றிதழ் கோரிக்கையிலும் அதன் பியூனிகோட் வடிவத்தை (ஆங்கில எழுத்துகளாலான மாற்று வடிவம்) எழுத வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படம் ஏற்றும்போது 413 என்ற பிழை வருகிறது.

என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 மெகாபைட்டுக்கு மேற்பட்ட பதிவேற்றத்தை ஏற்பதில்லை, பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 மெகாபைட்டே அனுமதிக்கிறது. இக்காலத்துக் கையடக்கத் தொலைபேசிப் படமோ 4 அல்லது 5 மெகாபைட். இரண்டு எல்லைகளையும், பிஎச்பியின் மொத்தப் பதிவேற்ற எல்லையையும் சேர்த்து உயர்த்துங்கள். கூடவே, ஏற்றிய படத்தைத் தளமே சிறிதாக்கிக் காட்டுகிறதா என்றும் பாருங்கள், தொலைபேசித் தரவில் பார்ப்பவரின் பணம் அது.

அதே வழங்கியில் மின்னஞ்சலையும் நடத்தலாமா?

வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. பல நிறுவனங்கள் 25ஆம் வாயிலை வெளியே செல்லவிடாமல் தடுத்தே வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும், அனுப்புநர் உண்மையானவர் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க், மறுதலை டிஎன்எஸ் ஆகிய அனைத்தையும் சரியாக வைத்த பின்பும், முன்பு யாரோ அந்த ஐபியிலிருந்து எரிதம் (ஸ்பாம்) அனுப்பியிருந்தால் உங்கள் கடிதமும் எரிதமாகவே கொள்ளப்படும். தளத்தின் தொடர்புப் படிவம் அனுப்பும் மடல்களை, அதற்கென்றே உள்ள அஞ்சற் சேவை ஒன்றின் வழியாக விடுங்கள். அப்போதும் டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் அவசியம், 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் இவற்றுள் ஒன்றையாவதும், பெருந்தொகையாக அனுப்புவோரிடம் இரண்டையும் கட்டாயமாக எதிர்பார்க்கிறது.

காப்புப்பிரதியை எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது?

1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட ஊர் இது. கல்லடியிலும் நாவலடியிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரே பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் பின்னர் எத்தனை படிகளில் ஏறி இறங்கின என்பது நமக்குத் தெரியும். பிரதி எத்தனை என்பதைவிட, அவை வெவ்வேறு இடங்களில் இருக்கின்றனவா என்பதே முதற்கேள்வி. வழங்கியிலேயே வைத்த பிரதி வழங்கியோடு போய்விடும். அதே நிறுவனத்தின் ‘ஸ்நப்ஷொட்’ உங்கள் கணக்கு முடக்கப்பட்டால் உங்களுக்கு எட்டாது. ஆகவே ஒரு பிரதி வேறு நிறுவனம் ஒன்றிலும், இன்னொன்று உங்கள் கையிலுள்ள வட்டிலும் இருக்க வேண்டும். ரெஸ்டிக், போர்க் போன்ற கருவிகள் மாறியவற்றை மட்டும் மறைகுறியாக்கி அனுப்புவதால், மெதுவான இணைப்பிலும் நாள்தோறும் எடுக்க முடிகிறது. வழங்கியே பிரதியை வெளியே தள்ளுவதைவிட, வெளியிலுள்ள கணினி வந்து எடுத்துச் செல்வது பாதுகாப்பானது. வழங்கியைக் கைப்பற்றியவருக்குப் பிரதிகளை அழிக்கும் வழி அப்போது இருக்காது.

எடுத்த பிரதியை மீட்டுப் பார்க்காதவரை அது பிரதியாகாது. தரவுத்தளத்தை வெளியே எடுத்து, அதை உடனே சுருக்கும் நிரல் ஒன்றை எழுதி, இரவுதோறும் ஓடவிட்டிருந்தேன். இடையில் தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியபோது நிரலில் மாற்ற மறந்துவிட்டேன். அன்று முதல் வெற்று உள்ளீட்டைச் சுருக்கிய 20 பைட் கோப்பு ஒன்று நாள்தோறும் ஒழுங்காக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சுருக்கும் கட்டளை வெற்றி என்றே அறிவித்ததால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கூட்டுறவுச் சங்கம் அழித்துவிட்ட ஒரு பக்கத்தைத் திரும்பக் கேட்டபோதுதான் இது தெரியவந்தது, அந்தப் பக்கத்தை அவர்கள் மறுபடியும் தட்டச்சுச் செய்ய நேர்ந்தது. இப்போது பிரதியின் அளவு முந்தைய நாளினதைவிடப் பாதிக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி வரும். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு தளத்தைத் தெரிந்தெடுத்து வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் முழுமையாக மீட்டு, திறந்து பார்க்கிறேன்.

வட்டு நிரம்பிவிட்டது என்று வருகிறது, ஆனால் பெரிய கோப்பு எதையும் காணவில்லை.

பதிவேடு ஒன்றை நேரடியாக அழித்திருப்பீர்கள். என்ஜின்எக்ஸ் அதை இன்னும் திறந்து வைத்திருப்பதால் இடம் விடுபடவில்லை, மறுஏற்றம் செய்தால் கிடைத்துவிடும். அதுவும் இல்லையென்றால், கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகத் தேவைப்படும் ஐநோட்களின் எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். தற்காலிகச் சேமிப்பில் இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவேடுகளை ஒதுக்கி அழிக்கும் லொக்ரொட்டேட் உங்கள் பதிவேடுகளைச் சுழற்றுகிறதா என்பதைத் தளம் ஏற்றிய வாரத்திலேயே உறுதிசெய்யுங்கள். குறிப்பாக நீங்கள் தளத்துக்கென்று தனி இடத்தில் வைத்த பதிவேடுகள் அதன் பட்டியலில் தாமாகச் சேராது.

நேர வலயம், புதுப்பித்தல், கண்காணிப்பு ஆகியவற்றை எப்படி வைப்பது?

வழங்கியை உலகப் பொது நேரமான யூடிசியிலேயே விடுங்கள். 1996இலும் 2006இலும் இலங்கை நேரமே மாறிய வரலாறு நமக்கு உண்டு, யூடிசி மாறாது. இங்கே அதிகாலை 2 மணிக்கு ஓட வேண்டிய வேலையை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரோனில் 20:30 என்று குறிக்க வேண்டும், அவ்வளவுதான். இயங்குதளத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படட்டும். வேர்ட்பிரஸ் செருகுநிரல்களைப் பொறுத்தவரை சிறியவற்றைத் தானியங்கியாகவும், கடை வசதி போன்ற பெரியவற்றைப் பிரதி எடுத்த பின் கையாலும் புதுப்பிக்கிறேன். தளம் திறக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்பு வழங்கிக்கு வெளியே இருக்க வேண்டும், விழுந்த வழங்கி தான் விழுந்ததைச் சொல்லாது.

சிபெனல் போன்ற கட்டுப்பாட்டுப் பலகை வேண்டாமா?

தள உரிமையாளர்கள் தாமே நுழைந்து வேலை செய்வார்கள் என்றால் உதவும். சிபெனல் 2019 முதல் கணக்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் அறவிடுவதால் சிறிய வழங்கிக்குச் சுமை. ஹெஸ்டியா, வேர்ச்சுவல்மின் ஆகியவை இலவசம். அவை செய்வதையெல்லாம் ஒருமுறையாவது கையால் செய்து பழகிய பின்பு நிறுவுங்கள்.

தளங்கள் பிறருடையவை. அவர்களோடு என்ன எழுத்தில் இருக்க வேண்டும்?

டொமைன் எப்போதும் உரிமையாளரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாக வேண்டும். சங்கத்தின் டொமைனைத் தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்ட கதையை நான் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறேன், ஒன்றில் பெயரையே கைவிட வேண்டி வந்தது. உறுப்பினரின் அடையாள அட்டை இலக்கத்தையோ தொலைபேசி இலக்கத்தையோ சேர்க்கும் படிவம் இருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி நிர்வாகக் குழுவிடம் எடுத்துச் சொல்லி, தேவையில்லாத விபரங்களைக் கேட்காமல் இருப்பது நல்லது. யாராவது தளத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோக விரும்பினால், கோப்புகளையும் தரவுத்தளத்தையும் ஒரே பொதியாகக் கொடுத்து, மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸின் ஆயுட்காலத்தை 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள்.

நான் நோயுற்றாலோ ஊரில் இல்லாவிட்டாலோ என்ன நடக்கும் என்று கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் ஒருமுறை கேட்டார். அதன் பிறகு இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். வழங்கி எந்த நிறுவனத்தில் இருக்கிறது, வாடகை எந்தத் திகதியில் கழிகிறது, பிரதிகள் எங்கே, மீட்பது எப்படி, எந்தத் தளத்துக்கு யார் பொறுப்பு என்பவை அதில் உள்ளன. கடவுச்சொற்கள் அதில் இல்லை, அவை கடவுச்சொற் பெட்டகத்தில் இருக்கின்றன. பெட்டகத்தின் திறவு மூடிய உறையில், கணினி தெரிந்த ஓர் ஆசிரியரின் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அவர் அந்த உறையைப் பிரித்து, குறிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு, என் உதவியின்றி ஒரு தளத்தை மீட்டுக் காட்டுகிறார். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு குறிப்பைத் திருத்தி, புதிய உறையில் இட்டு மீண்டும் ஒட்டுகிறோம்.